உடன் பயின்றவரும் ஆசானே

ஆசிரியர் கற்பிப்பதை முழுவதும் மனத்தில் வாங்கிக்கொண்டாலும் மாணவனுக்குக் கிட்டுவது கல்வியில் கால் பங்குதான். உடன் பயில்பவர்களோடு கலந்து பழகும்போது மற்றொரு கால் பங்கு வந்து சேர்கிறது. கற்றதைப் பிறருக்குச் செவ்வையாக எடுத்துரைக்கும்போதுதான் எஞ்சிய அரைப் பங்கும் நிறைகிறது. 13-ஆம் நூற்றாண்டில் நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவர் கல்வியை இவ்வாறு கணக்கிட்டுக் காட்டினார். இந்தக் கணக்கிற்குச் சான்றாக அமைந்த ஒரு வாழ்க்கை 20-ஆம் நூற்றாண்டில் வங்காளத்தில் மலர்ந்தது. அது விஞ்ஞானி சத்யேந்திரநாத் போஸின் வாழ்க்கை.

ஆசான்கள் ஏற்றிய விளக்கு

1894 ஜனவரி 1 அன்று கல்கத்தாவில் சத்யேந்திரநாத் பிறந்தார். தந்தை சுரேந்திரநாத் ரயில்வேயில் பணிபுரிந்தவர். தாய் ஆமோதினி தேவி. ஹிந்து பள்ளியில் அவருக்குக் கணிதம் கற்பித்தவர் உபேந்திரலால் பக்ஷி. ஒரே கணக்கிற்குப் பல வழிகளில் விடை கண்டிருந்த அந்தச் சிறுவனின் விடைத்தாளுக்கு அவர் 100-க்கு 110 மதிப்பெண் வழங்கினார் என்று கூறுவர். ஒரு நல்லாசிரியரின் பாராட்டு இளம் உள்ளத்தில் எத்தகைய தன்னம்பிக்கையை விதைக்கும் என்பதற்கு அது சான்று.

1909-இல் அவர் பிரசிடென்சி கல்லூரியில் சேர்ந்தார். அங்கே ஜகதீஷ் சந்திர போஸ் இயற்பியலும், பிரபுல்ல சந்திர ராய் வேதியியலும் கற்பித்தனர். அடிமைப்பட்டிருந்த நாட்டில் இருந்துகொண்டே உலகம் மதிக்கும் ஆய்வுகளைச் செய்ய முடியும் என்பதை இவ்விருவரும் வாழ்ந்து காட்டினர். பிரபுல்ல சந்திரர் மணம் புரியாமல், எளிமையின் வடிவாக வாழ்ந்து, தம் வருவாயின் பெரும்பகுதியை ஏழை மாணவர்களுக்கே செலவிட்டவர். பாடத்தைவிட மேலான பாடத்தை அவர்களது வாழ்க்கையே புகட்டியது. இது ஆசான்கள் தந்த கால் பங்கு.

பந்தியில் பேதம், படிப்பில் தோழமை

1911-இல் டாக்காவிலிருந்து மேகநாத் சாஹா என்ற மாணவர் அதே வகுப்பில் வந்து சேர்ந்தார். சிற்றூர் ஒன்றில் சிறு கடை நடத்தியவரின் மகன் அவர். பிறர் உதவியால் படித்து முன்னேறியவர். பள்ளிப் பருவத்தில், 1905-இல், ஆங்கிலேய ஆளுநரின் வருகையை எதிர்த்த மாணவர்களோடு நின்றதால் பள்ளியையும் உதவித்தொகையையும் இழந்தவர். கல்கத்தா விடுதியிலோ, அவரது ஜாதியைக் காரணம் காட்டிச் சிலர் அவருடன் அமர்ந்து உண்ண மறுத்தனர்.

பந்தியில் பேதம் பார்த்தவர்கள் இருந்த அதே ஊரில், படிப்பில் அவருக்கு உற்ற தோழராக வாய்த்தார் நகரத்தில் வளர்ந்த சத்யேந்திரர். ஞானசந்திர கோஷ், ஞானேந்திரநாத் முகர்ஜி போன்றோரும் உடன் பயின்றனர். பிற்காலத்தில் புள்ளியியல் மேதையாகப் புகழ்பெற்ற பிரசாந்த சந்திர மஹலனோபிஸ் அவர்களுக்கு மூத்த மாணவர். 1913-இல் இளநிலைத் தேர்விலும், 1915-இல் முதுநிலைத் தேர்விலும் போஸ் முதலிடமும் சாஹா இரண்டாமிடமும் பெற்றனர். இரு முறையும் ஒருவர் முந்த மற்றவர் பிந்தினார். எனினும் அந்த வரிசை அவர்களது நட்பைக் குலைக்கவில்லை. பொறாமை புகுந்திருந்தால் பின்னால் நிகழ்ந்தது எதுவுமே நிகழ்ந்திராது.

ஆசிரியர் இல்லாத பாடம்

தாரக்நாத் பாலித், ராஷ்பிஹாரி கோஷ் ஆகிய வள்ளல்களின் நன்கொடையால் கல்கத்தா பல்கலைக்கழகம் புதிய அறிவியல் கல்லூரியைத் தொடங்கியிருந்தது. அதன் முதுநிலை வகுப்புகளுக்காக, இளைஞர்களான போஸையும் சாஹாவையும் ஸர் ஆசுதோஷ் முகர்ஜி தேர்ந்தெடுத்தார். முதலில் கணிதத் துறையில் இருந்தனர். அங்கே மேலிருந்த பேராசிரியருடன் இணங்கிப் போக இயலாததால், இருவரும் இயற்பியல் துறைக்கு மாறினர். ஆனால் அவர்கள் கல்லூரியில் படித்தது கணிதம். மாக்ஸ் பிளாங்கின் குவாண்டம் கொள்கையும், ஐன்ஸ்டீனின் சார்பியல் கொள்கையும் ஐரோப்பாவில் இயற்பியலையே புரட்டிப் போட்டிருந்த காலம் அது. அவற்றைக் கற்றுத்தர அங்கே ஆசிரியர் எவரும் இல்லை. முதல் உலகப் போரின் காரணமாக ஐரோப்பிய நூல்கள் வருவதும் அரிதாகிவிட்டது.

ஷிப்பூர் பொறியியல் கல்லூரியில் புரூல் என்ற ஜெர்மானியப் பேராசிரியர் இருந்தார். அவரிடம் இயற்பியல் நூல்கள் பல இருந்தன. அவற்றை இரவல் வாங்கி, ஜெர்மன் மொழியிலேயே இருவரும் படித்தனர். குவாண்டம் கொள்கையைக் கற்கும் பொறுப்பு சாஹாவுடையது; சார்பியலைக் கற்கும் பொறுப்பு போஸுடையது. இவ்வாறு ஒருவர் கற்றது மற்றவருக்கும் உரியதாயிற்று.

இத்தகைய கல்வியில் ஓர் ஆபத்து உண்டு. திருத்துவதற்கு ஆசான் இல்லாதபோது, தவறைக்கூட இருவரும் சேர்ந்து சரியென்று நம்பிவிடக் கூடும். இதற்கு ஒரே மருந்து, கற்றதை அறிந்தோர் முன் சோதனைக்கு வைப்பதுதான். அவர்களும் அதையே செய்தனர். வாயுக்களின் இயல்பு குறித்து இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1918-இல் இங்கிலாந்தின் புகழ்பெற்ற ஆய்விதழ் ஒன்றில் வெளிவந்தது. சார்பியல் பற்றிய ஐன்ஸ்டீன், மின்கோவ்ஸ்கி ஆகியோரின் கட்டுரைகளை இருவரும் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, மஹலனோபிஸ் முன்னுரை எழுத, 1920-இல் கல்கத்தா பல்கலைக்கழகம் அதனை நூலாக வெளியிட்டது. அதே ஆண்டில், விண்மீன்களின் நிறமாலையிலிருந்து அவற்றின் வெப்ப நிலையை அறிய உதவும் அயனியாக்கக் கோட்பாட்டை வெளியிட்டு சாஹா உலகப் புகழ் பெற்றார்.

நண்பர் தந்த குறிப்பு

1921-இல் புதிதாகத் தொடங்கப்பட்ட டாக்கா பல்கலைக்கழகத்தில் போஸ் சேர்ந்தார். முதுநிலை மாணவர்களுக்குப் பிளாங்கின் கதிர்வீச்சு விதியைக் கற்பிக்கும்போதெல்லாம் அவர் மனத்தில் ஒரு நெருடல். விதி சரியானது, அதை நிறுவும் வழியோ சீராக இல்லை. பழைய கொள்கையைப் பாதியும் புதிய கொள்கையைப் பாதியும் கலந்தே அதை நிறுவி வந்தனர். தமக்கே தெளிவாகாத ஒன்றை மாணவர்களுக்கு எப்படித் தெளிவாக்குவது?

அலகாபாத்தில் பேராசிரியராகியிருந்த சாஹா 1924-இல் டாக்காவிற்கு வந்து போஸுடன் தங்கினார். நண்பரின் நெருடலைக் கேட்ட அவர், அதே சிக்கலைத் தொட்டுப் பேசும் பௌலியின் கட்டுரையையும், ஐன்ஸ்டீனும் ஏரன்ஃபெஸ்டும் எழுதிய கட்டுரையையும் சுட்டிக்காட்டினார். அந்தத் தூண்டுதல் போதுமானதாயிற்று.

போஸ் கண்ட வழியை ஓர் எளிய உவமையால் விளக்கலாம். இரண்டு நாணயங்களைச் சுண்டினால் பூவும் தலையும் நான்கு விதமாக விழக்கூடும். ஆனால் எது எந்த நாணயம் என்று பிரித்தறியவே முடியாதபோது, அவை மூன்று விதங்களாகவே எண்ணப்பட வேண்டும். ஒளித்துகள்களும் அவ்வாறு ஒன்றுபோல் ஒன்று இருப்பவை என்று கொண்டு போஸ் எண்ணினார். பிளாங்கின் விதி பழைய கொள்கையின் கலப்பின்றி வெளிப்பட்டது.

1924 ஜூன் 4 அன்று அந்தச் சிறு கட்டுரையை அவர் ஐன்ஸ்டீனுக்கு அனுப்பினார். முன்பின் அறியாதவர்தான், எனினும் அவரது எழுத்துகளால் பயன் பெற்ற அனைவரும் அவருடைய மாணவர்களே என்ற உரிமையோடு எழுதினார். ஐன்ஸ்டீன் தாமே அதை ஜெர்மன் மொழியில் பெயர்த்து, பாராட்டுக் குறிப்புடன் வெளியிடச் செய்தார்; அந்த எண்ணத்தை வாயு அணுக்களுக்கும் விரித்தார். இன்று அவ்வகைத் துகள்கள் போஸின் பெயரால் போஸான்கள் என்று அழைக்கப்படுகின்றன. முனைவர் பட்டமோ, ஆய்வுக்கு ஒரு மேற்பார்வையாளரோ இல்லாத ஒருவர் செய்த சாதனை இது.

குருவின் முன் மௌனம்

1924-இல் போஸ் ஐரோப்பா சென்றார். பாரிஸில் மேரி கியூரி அம்மையாரின் ஆய்வுக்கூடத்தில் பயில விரும்பி அவரைச் சந்தித்தார். முதலில் சில மாதங்கள் பிரெஞ்சு மொழி கற்று வருமாறு அம்மையார் அறிவுறுத்தினார். போஸ் பிரெஞ்சு மொழியைப் பல ஆண்டுகள் பயின்றவர்! ஆயினும் அந்த மேதையின் பேச்சை இடைமறித்து அதைச் சொல்ல நாவெழவில்லை, வணங்கித் திரும்பினார். பின்னர் மாரிஸ் டி பிராய் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் எக்ஸ் கதிர் நுட்பங்களைக் கற்றார். 1925-இல் பெர்லினில் ஐன்ஸ்டீனைக் கண்டார். போஸின் இரண்டாவது கட்டுரையில் ஐன்ஸ்டீனுக்கு உடன்பாடு இல்லை. அதை அவர் வெளிப்படையாகவே எழுதியிருந்தார். அதனால் போஸின் குருபக்தி சிறிதும் குறையவில்லை.

உயர்ந்தோர் முன் மரியாதை வாயை மூடுகிறது. சமமானவர் முன் ஐயம் வாய் திறக்கிறது. சாஹாவிடம் கொட்டிய நெருடலை, அந்தத் தோழமை இல்லாதிருந்தால் போஸ் யாரிடம் கொட்டியிருப்பார்? அதே சமயம், நண்பர்கள் இருவரும் கண்டடைந்தது சரிதானா என்பதற்கு இறுதி முத்திரை, ஓர் ஆசானிடமிருந்தே வரவேண்டியிருந்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல. ஒன்றில்லாமல் மற்றது நிறைவதும் இல்லை.

நிறைந்த அரைப் பங்கு

1926-இல் டாக்கா திரும்பிய போஸ் 1945 வரை அங்கும், பிறகு கல்கத்தாவிலும் கற்பித்தார். அறிவியல் தாய்மொழியில் எளிய மக்களையும் சென்றடைய வேண்டும் என்ற தாகத்தால் 1948-இல் வங்கீய விஞ்ஞான பரிஷத்தை நிறுவினார். 1954-இல் பத்மவிபூஷண் விருது பெற்றார். 1958-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். தோழர் சாஹா 1956-இல் மறைந்தார். 1974 பிப்ரவரி 4 அன்று போஸும் மறைந்தார்.

நல்ல குரு கிடைக்கவில்லையே என்று ஏங்கும் மாணவர் பலர். அவர்களுக்குப் பக்கத்து இருக்கையிலேயே ஒரு சாஹா அமர்ந்திருக்கக் கூடும். ஜாதியையும் மதிப்பெண்ணையும் பாராமல் அவரை அடையாளம் காண்பதற்கு வேண்டியது பொறாமையற்ற உள்ளம். அத்தகைய உள்ளம் வாய்த்தவருக்கு ஆசான்களுக்குக் குறைவே இல்லை.