கணித மேதை ராமாநுஜம்

கணக்கென்றால் பருத்திப் பொதியின் நிறையும் தீப்பெட்டியின் விலையுமே கோவிற்பட்டிப் பக்கத்தாராகிய நமக்கு முதலில் நினைவுக்கு வரும். அதற்கப்பாலும் கணக்குண்டென்பதை நம் இளைஞர் அறிதல் வேண்டி, ஸ்ரீநிவாஸ ராமாநுஜத்தின் சரித்திரத்தில் ஒரு பகுதியை ஈண்டு வரைகின்றோம். அவர் நம் குலத்திற் பிறந்தாரல்லர், அதனாற் குறையொன்றுமில்லை.

1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-இல் ஈரோட்டிற் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த இவர், கணிதமொன்றையே பற்றி ஏனைய பாடங்களைக் கைவிட்டமையால் கல்லூரிப் பரீட்சையில் தவறினார். 1912-இல் சென்னைத் துறைமுகக் காரியாலயத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவானார். 1914-இல் கேம்பிரிட்ஜ் சென்றது யாவரும் அறிந்ததே. நிற்க.

இந்நாட்டிலிருந்தபோதே அவர் கண்டவற்றுள் இரு சமன்பாடுகள் மிகச் சிறந்தன. முதலாவதன் பொருளைச் சிற்றெண் கொண்டு கூறுவாம். 9-ஐப் பகுதிகளாகப் பிரிக்க. எந்த இரு பகுதிகளும் தம்முள் இரண்டேனும் வேறுபடல் வேண்டும். 9, 8+1, 7+2, 6+3, 5+3+1 என வழிகள் ஐந்து. இனி, ஐந்தால் வகுக்க ஒன்றோ நான்கோ மிஞ்சும் எண்களை மட்டும் கொண்டு பிரிக்க. ஓரெண் பன்முறை வரலாம். 9, 6+1+1+1, 4+4+1, ஒரு நான்குடன் ஐந்து ஒன்றுகள், ஒன்பது ஒன்றுகள் என இதுவும் ஐந்தே. எவ்வெண்ணை எடுப்பினும் இவ்விரு தொகையும் ஒக்கும். அன்பர்கள் பிள்ளைகளோடமர்ந்து 10-ஐச் சோதித்துப் பார்க்க.

உண்மையைக் கண்டாரேயன்றி அதனை நிறுவ அவர்க்கு இயலவில்லை. ஆசிரியர் ஹார்டிக்கும் இயலவில்லை. 1917-இல் பழைய சஞ்சிகைகளைப் புரட்டுகையில், ரோஜர்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1894-லேயே அதனை நிறுவி வெளியிட்டிருக்கக் கண்டார். இருபது ஆண்டுக்கு மேலாக அதனைப் பொருட்படுத்தினார் அரியர். ராமாநுஜம் அதனை மறைத்திலர்; வியந்து பாராட்டி, ரோஜர்ஸோடு கடிதப் போக்குவரவும் கொண்டார். 1919-இல் இருவர் நிரூபணங்களும் ஒருங்கே அச்சேறின. மறு ஆண்டு ஏப்ரல் 26-இல், 32 வயதில், ராமாநுஜம் சென்னையில் மறைந்தார். 1918-இல் அவர்க்குக் கிட்டிய ராயல் சங்க அங்கத்தினர் பதவி 1924-இல் ரோஜர்ஸுக்கும் கிட்டியது.

ரோஜர்ஸ் கையாண்ட கருவி பல்லுறுப்புக் கோவைகளின் வரிசையொன்று. உச்சி வெயிலில் நேர்நின்ற கம்பம் தரையில் நிழல் வீழ்த்தாதவாறு, அக்கோவைகள் ஒன்றன் சாயல் மற்றொன்றில் விழாமல் ஒன்றுக்கொன்று செங்குத்தாய் நிற்பவை. அதனை ரோஜர்ஸ் அறிந்திலர். அமெரிக்கப் பேராசிரியர் ரிச்சர்டு ஆஸ்கி முதலானோர் பின்னர் ஆராய்ந்து தெளிந்தனர். ஒரு பொருளின் சமச்சீர்களைத் திரட்டிய தொகுதியைக் கணிதர் 'குலம்' என்பர். பிறப்பிற்கும் அதற்கும் தொடர்பில்லை. 1980-களில் உருவான குவாண்டம் குலங்களிலும் இவ்வினக் கோவைகளே தாமாக வந்து தோன்றின.

ராமாநுஜத்திற்கு வைப்பதாகச் சொல்லிய சிலை வைக்கப்படவில்லையென அவர் மனைவியார் ஜானகியம்மாள் முதுமையில் வருந்தினார். அதனையறிந்த அவ்வாஸ்கியே பிறநாட்டுக் கணிதரையும் சேர்த்துக்கொண்டு மார்பளவு வெண்கலச் சிலைகள் வார்ப்பித்தார். அவற்றுள் ஒன்று அவ்வம்மையாரிடம் வந்து சேர்ந்தது.