அணைக்கு முந்தைய அணிவகுப்பு

தை முதல் நாளில் சூரியனுக்குப் பொங்கலிடும் கம்பம் பள்ளத்தாக்கில், அதே நாளில் இன்னொருவருக்கும் பொங்கல் வைக்கிறார்கள். பாலார்பட்டியில் ஊர்கூடிப் பானை ஏற்றி, அவருடைய படத்துக்கு மாலையிடுகிறார்கள். தேனிப் பேருந்து நிலையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. லோயர் கேம்ப்பில் 2013-இல் அரசு அவருக்கு மணிமண்டபம் எழுப்பியது. பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சூட்டிய குடும்பங்களும் உண்டு. 1841 ஜனவரி 15 அன்று புணேயில் பிறந்த கர்னல் ஜான் பென்னிகுவிக்குக்கு, அவர் பிறந்த நாட்டிலோ அவர் குடும்பத்தின் நாட்டிலோ வேறெங்கும் இப்படியொரு வழிபாடு நடப்பதில்லை.

என் ஊரான மார்க்கையன்கோட்டை அந்த வழிபாட்டின் நடுவில் இருக்கிறது. லோயர் கேம்ப்பில் தொடங்கிப் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது. அந்தப் பச்சைப் பரப்பில் எங்கள் ஊர் வயல்களும் அடக்கம். ஜூன் மாதத்தில் தண்ணீர் திறக்கப்பட்டால் முதல் போகத்துக்கு நாற்றங்கால் தயாராகும். திறக்கத் தாமதமானால் ஊரில் பேச்சே மாறிவிடும். இந்த நீரின் கதையாக எங்கள் வீடுகளில் சொல்லப்படுவது ஒன்றுதான். அணை கட்டப் பணம் போதாமல் போனபோது அந்த வெள்ளைக்காரத் துரை தன் சொத்துகளையும் மனைவியின் நகைகளையும் விற்று வேலையை முடித்தார் என்பது அந்தக் கதை. நானும் அதைக் கேட்டு வளர்ந்தவன்தான். ஆனால், பொருளாதாரம் படித்துக் கற்பித்து ஓய்வு பெற்ற இந்த வயதில், அவர் எதை விற்றார் என்பதைவிட எதைக் கற்றார் என்பதே நாம் தெரிந்துகொள்ள வேண்டியது என்று எனக்குத் தோன்றுகிறது.

பென்னிகுவிக்கின் குழந்தைப் பருவத்தை ஒரு போர்க்களம் இரண்டாகப் பிளந்தது. அவருடைய தந்தையும் ராணுவ அதிகாரி. பெயரும் ஜான் பென்னிகுவிக்தான். 1849 ஜனவரி 13 அன்று பஞ்சாபில் சில்லியன்வாலா என்னுமிடத்தில் சீக்கியப் படையுடன் நடந்த போரில் அவர் ஒரு படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கி வீழ்ந்தார். அதே களத்தில், தந்தையின் உடலைக் காத்து நின்ற மூத்த மகன் அலெக்ஸாண்டரும் கொல்லப்பட்டார். அந்த இளைஞனுக்கு வயது 17. ஐந்து ஆண், ஆறு பெண் என்று பதினொரு பிள்ளைகள் பிறந்த அந்தக் குடும்பத்தில், இளையவர்களுள் ஒருவரான ஜானுக்கு எட்டாவது பிறந்தநாள் வர இன்னும் இரண்டு நாள்கள் இருந்தன.

இங்கிலாந்தில் செல்ட்னம் கல்லூரியில் பள்ளிப் படிப்பை முடித்த அவர், 1857-இல் அடிஸ்கம் ராணுவக் கல்லூரியில் சேர்ந்தார். லண்டனுக்குத் தெற்கே குராய்டன் நகருக்கு அருகே, ஒரு பழைய மாளிகையையும் அதன் தோட்டத்தையும் வாங்கி, கிழக்கிந்தியக் கம்பெனி 1809-இல் தொடங்கிய கல்லூரி அது. தன் இந்தியப் படைகளுக்கு வேண்டிய இளம் அதிகாரிகளை ஒரு வணிக நிறுவனம் தானே உருவாக்கிக்கொண்ட இடம். அக்காலத்தில் பிரிட்டிஷ் அரசின் காலாட்படையிலும் குதிரைப் படையிலும் அதிகாரிப் பதவிகள் விலைக்கு வாங்கப்பட்டன. அந்த வழக்கம் 1871-இல்தான் ஒழிந்தது. கம்பெனிப் படையில் பதவி விற்பனைக்கு இல்லை. கல்லூரிக்குள் நுழையக் கம்பெனி இயக்குநர் ஒருவரின் சிபாரிசு நெடுங்காலம் தேவைப்பட்டது உண்மை. உள்ளே போன பிறகு மதிப்பெண்தான் பேசியது. தேர்வில் முன்னணியில் நின்றவர்கள் பொறியாளர் படைக்கும், அடுத்தவர்கள் பீரங்கிப் படைக்கும், எஞ்சியவர்கள் காலாட்படைக்கும் அனுப்பப்பட்டார்கள்.

அந்தப் பயிற்சியின் நாளாந்த வாழ்க்கை எளியதன்று. சீருடை, அணிவகுப்பு, வகுப்பு, மீண்டும் அணிவகுப்பு என்று வளரிளம் பருவத்துப் பையன்களின் நாள் கழிந்தது. மூத்த மாணவர்களுள் சிலர் கார்ப்பரல்களாக நியமிக்கப்பட்டு இளையவர்களை மேய்த்தார்கள். பாடங்களில் கணிதத்துக்கே முதலிடம். கோட்டை கட்டும் கலை, நில அளவை, ராணுவ வரைபடம், இயற்பியல், வேதியியல், நிலவியல், இந்தியாவுக்குப் போகிறவர்களுக்காக ஹிந்துஸ்தானி மொழி ஆகியவையும் கற்பிக்கப்பட்டன. கோட்டைகளையும் அரண்களையும் மணலில் வடித்துப் பார்ப்பதற்கென்றே ஒரு கூடம் இருந்தது. காகிதத்தில் வரைந்ததைக் கையால் செய்து, சரிகிறதா நிற்கிறதா என்று கண்ணால் பார்க்கும் பாடம் அது. ஆண்டுக்கு இருமுறை கம்பெனி இயக்குநர்களின் முன்னிலையில் பொதுத்தேர்வு நடக்கும். மாணவர்களின் வரைபடங்களும் மாதிரிகளும் பார்வைக்கு வைக்கப்படும். மிதவைப் பாலம் கட்டிக் காட்டப்படும்.

கோதாவரியில் அணை கட்டிய ஆர்தர் காட்டன், கங்கைக் கால்வாயை வெட்டிய பிராபி காட்லி இருவரும் அதே கல்லூரியின் மாணவர்களே. காவிரியில் முக்கொம்பு மேலணையும் காட்டனின் வேலைதான். போருக்கென்று ஏற்பட்ட ஒரு பள்ளிக்கூடம் இந்தியப் பாசனத்தின் வரலாற்றில் இத்தனை பெயர்களை விட்டுச்சென்றது தற்செயலாக நேர்ந்ததன்று. நிலத்தை அளக்கவும், மண்ணின் குணம் அறியவும், ஆள்களையும் பொருள்களையும் கணக்கிட்டு நகர்த்தவும் தெரிந்தவனுக்குக் கோட்டையும் அணையும் ஒரே கணக்கின் இரு விடைகள்தாம்.

பென்னிகுவிக் சேர்ந்த ஆண்டிலேயே வட இந்தியாவில் சிப்பாய்களின் எழுச்சி வெடித்தது. மறு ஆண்டு நவம்பரில் கம்பெனியின் ஆட்சி முடிந்து, இந்தியா மகாராணியின் நேரடி ஆட்சிக்குள் வந்தது. டிசம்பரில் அவர் சென்னைப் பொறியாளர் படையில் லெப்டினன்ட் ஆனார். வணிகரின் மாணவராகப் போனவர் அரசின் அதிகாரியாக வெளியே வந்தார். அந்தக் கல்லூரியே 1861-இல் மூடப்பட்டது. பொறியாளர் படைக்குத் தேர்வானவர்கள் சாட்டம் நகரின் ராணுவப் பொறியியல் பள்ளியில் மேற்பயிற்சி பெறுவது அன்றைய வழக்கம். 1860-இல் அவர் இந்தியா வந்தபோது வயது 19.

1867-68-இல் அபிசீனியாவுக்குச் சென்ற படையில் அவரும் இருந்தார். அந்தப் படையெடுப்பின் தலைவரான ராபர்ட் நேப்பியரும் அடிஸ்கம் மாணவர். கடற்கரையிலிருந்து ஏறக்குறைய 400 மைல், மலைகளின் மேல், படையை நடத்திச் செல்ல வேண்டியிருந்தது. துறை கட்டி, தண்டவாளம் போட்டு, பாதை வெட்டி, யானைகளின் முதுகில் பீரங்கிகளை ஏற்றிச் சென்ற அந்தப் போரில், சண்டையைவிடச் சரக்குப் போக்குவரத்தே பெரிய வேலையாக இருந்தது. பின்னாளில் பெரியாற்றின் காட்டுக்குள் அவருக்கு வாய்த்த வேலையும் பெரிதும் அதுவாகவே இருந்தது.

மேற்கே பாய்ந்து கடலில் கலக்கும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் எண்ணம் அவருடையதன்று. 1789-லேயே ராமநாதபுரம் சமஸ்தானத்தின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை அதற்காக ஆள்களை அனுப்பி இடம் பார்க்கச் செய்தார். 1808-இல் ஆய்வு செய்த கேப்டன் கால்டுவெல் அது நடவாத காரியம் என்று ஒதுக்கினார். 1867-இல் ரைவ்ஸ் என்ற பொறியாளர் மண் அணைத் திட்டம் ஒன்றை வகுத்தார். பிறகு 1876-78-இன் தாது வருஷப் பஞ்சம் வந்தது. சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் பட்டினியாலும் நோயாலும் மாண்ட பிறகே கோப்புகள் வேகமெடுத்தன. 1882-இல் மேஜர் பென்னிகுவிக்கிடம் திருத்திய திட்டமும் மதிப்பீடும் கேட்கப்பட்டன; 1884-இல் அவருடைய திட்டம் ஏற்கப்பட்டது. திருவிதாங்கூருடன் 1886 அக்டோபர் 29 அன்று 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது. மறு ஆண்டு வேலை தொடங்கியது.

யானைகள் உலவிய காட்டில், வேலை செய்யக்கூடிய மாதங்கள் குறைவு. மழைக்காலத்தில் வெள்ளம், மற்ற மாதங்களில் மலைக்காய்ச்சல். ஆற்றைத் தடுக்கப் போட்ட தற்காலிக அணைப்புகள் திரும்பத் திரும்ப அடித்துச் செல்லப்பட்டன. சென்னைப் பயனியர் படையின் இரு பட்டாலியன்கள் வந்து உழைத்தன. கொச்சியிலிருந்து தச்சர்கள் வந்தார்கள். பல ஊர்களிலிருந்து கூலித் தொழிலாளர்கள் வந்தார்கள். சுண்ணாம்பும் சுர்க்கியும் கல்லும் கலந்த கலவையால், அடித்தளத்திலிருந்து 176 அடி உயரமும் 1,200 அடி நீளமும் கொண்ட அணை எழுந்தது. மலையைக் குடைந்து ஒரு மைலுக்குச் சற்று மேற்பட்ட சுரங்கம் வெட்டப்பட்டது. 1895 அக்டோபர் 10 அன்று ஆளுநர் வென்லாக் பிரபு திறந்துவைத்தார்.

இப்போது அந்தச் சொத்து விற்ற கதைக்கு வருகிறேன். பெரியாறு அணை சென்னை மாகாண அரசின் பணத்தில் கட்டப்பட்ட அணை. மதிப்பீடு, ஒப்புதல், திருத்திய மதிப்பீடு, செலவுக் கணக்கு என்று எல்லாம் அரசின் பதிவுகளில் உண்டு. அவற்றின் நடுவே நகை விற்ற பணத்துக்கு இடமில்லை. இதைச் சொன்னால் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் முகம் வாடும் என்பது எனக்குத் தெரியும். நன்றி பெரிதாக இருக்கும்போது, அதைத் தாங்கும் அளவுக்குப் பெரிய தியாகம் ஒன்றை மனம் தேடிக்கொள்கிறது. ஆனால் அந்தக் கதை அவரை வள்ளலாக்கிவிடுகிறது. வள்ளலைக் கும்பிடலாம்; அவரிடமிருந்து கற்றுக்கொள்ள எதுவும் இருக்காது. வெள்ளம் கொண்டுபோன அணைப்பை மறு பருவத்தில் மீண்டும் போட்டது, ஏற்கெனவே முடியாது என்று எழுதப்பட்ட கோப்பை அளவைகளோடும் கணக்கோடும் மாற்றி எழுதியது, காய்ச்சல் காட்டில் ஆள்களோடு ஆண்டுக்கணக்கில் இருந்தது ஆகியவை வள்ளன்மையால் வருவதில்லை. அவை பழக்கத்தால் வருபவை. பதினாறு, பதினேழு வயதில் தொடங்கிய பழக்கம்.

கணக்கின் மறுபக்கத்தையும் எழுதத்தான் வேண்டும். கட்டுமானக் காலத்தில் நோய்க்குப் பலியான 483 பேர் அணைக்கு அருகிலேயே புதைக்கப்பட்டார்கள். அவர்களுக்கு நம் பொங்கல் பானையில் பங்கு வைத்ததில்லை. அடிஸ்கம்மில் மணலில் கோட்டை வடித்த பையன்கள் இந்நாட்டை அடக்கி ஆள்வதற்கே பயிற்றப்பட்டார்கள். அந்தப் பயிற்சிக்கான செலவு நம் வரிப்பணத்திலிருந்தே போனது. அங்கே நம் பிள்ளைகளுக்கு இடமில்லை. இந்திய இளைஞர்களை அதிகாரிகளாக்கும் ராணுவக் கழகம் தேராதூனில் தொடங்கியது 1932-இல்தான். அணை திறந்து 37 ஆண்டுகளுக்குப் பிறகு. நன்றியும் இந்த உணர்வும் ஒரே மனத்தில் இருக்க முடியும், இருக்கவும் வேண்டும்.

1896-இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பிய பென்னிகுவிக், இந்தியப் பொதுப்பணிக்குப் பொறியாளர்களை உருவாக்கிய கூப்பர்ஸ் ஹில் கல்லூரிக்கு 1899 வரை தலைவராக இருந்தார். மாணவராகத் தொடங்கியவர் மாணவர்களிடமே திரும்பினார். பிறகு ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகருக்கு வெள்ளத் தடுப்பு ஆலோசனை சொல்லப் போனார். 1911 மார்ச் 9 அன்று கேம்பர்லியில் காலமானார். அருகிலுள்ள ஃபிரிம்லி தேவாலயத் தோட்டத்தில் அவர் உடல் இருக்கிறது.

அன்று மூடியிருந்த கதவு இன்று திறந்திருக்கிறது. தேசிய மாணவர் படை 1948-இல் சட்டத்தின் வழியே அமைந்தது. மறு ஆண்டே மாணவிகளுக்கும் பிரிவு வந்தது. பாடம் நடத்திய ஆண்டுகளில் சில காலம் கல்லூரியின் மாணவர் படைப் பொறுப்பும் என்னிடம் இருந்தது. விடியற்காலை அணிவகுப்புக்குப் பின் தரும் பூரிக்காக வந்தவர்கள் உண்டு. வேலைவாய்ப்பில் சான்றிதழுக்குக் கிடைக்கும் முன்னுரிமைக்காக வந்தவர்கள் அதிகம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வறிய வீட்டுப் பிள்ளைக்குப் பூரியும் சான்றிதழும் நியாயமான காரணங்களே. ஆனால் முகாமில் வரைபடம் படிக்கும் வகுப்பில் வேறொன்று நடப்பதைப் பார்த்திருக்கிறேன். திசைகாட்டியை வைத்துக் கோணம் எடுத்து, சமஉயரக் கோடுகளைப் பின்தொடர்ந்து, தண்ணீர் எந்தப் பக்கம் இறங்கும் என்று சொல்லத் தெரிந்த கணத்தில், மனப்பாடம் செய்தே தேறிவந்த பிள்ளையின் முகம் மாறும். தான் சொன்னது சரியா என்பதை ஆசிரியரைக் கேளாமல் நிலத்தையே பார்த்துத் தெரிந்துகொள்ள முடியும் என்ற அறிவு அது.

அந்த வகுப்பைத்தான் நாம் முதலில் விட்டுவிடுகிறோம். நேரமில்லை, கருவியில்லை என்று அணிவகுப்போடு முடித்துவிடுகிறோம். சி சான்றிதழ் பெற்ற பட்டதாரிகள் எழுத்துத் தேர்வின்றியே தேர்வு வாரிய நேர்காணலுக்குச் செல்ல வழியுண்டு. அதில் தேறினால் பரங்கிமலையின் அதிகாரிகள் பயிற்சிக் கழகத்துக்குப் போகலாம். 1992 முதல் பெண்களும் அங்கே பயில்கிறார்கள். மார்க்கையன்கோட்டைப் பெண்ணொருத்தி அங்கே நிற்பதற்கு இனிச் சிபாரிசுக் கடிதம் தேவையில்லை. அளக்கவும் கணக்கிடவும் பழகிய கை தேவை. ராணுவத்துக்குப் போகாதவர்களுக்கும் அந்தக் கை வேண்டும். வாய்க்காலின் கடைமடைக்கு ஏன் நீர் வரவில்லை என்று அளந்து சொல்லும் இளைஞர்கள் எங்கள் பள்ளத்தாக்குக்கு இன்றும் தேவைப்படுகிறார்கள்.

பொங்கல் தொடர்ந்து பொங்கட்டும். அடுத்த தை முதல் நாளில் பானையைச் சுற்றி நிற்கும் பிள்ளைகளுக்கு, நகை விற்ற துரையின் கதைக்குப் பதிலாக, தந்தையை இழந்த ஒரு பையன் மணலில் கோட்டை வடித்துப் பழகிய கதையைச் சொல்லிப் பார்க்கலாம். காட்டில் புதைந்த அந்த 483 பேருக்கும் ஒரு பானை ஏற்றலாம்.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).