பெஞ்சமின் தாம்சன் (ரம்ஃபோர்டு பிரபு)

பெஞ்சமின் தாம்சன் (மார்ச் 26, 1753 – ஆகஸ்ட் 21, 1814) அமெரிக்காவில் பிறந்து ஐரோப்பாவில் புகழ்பெற்ற இயற்பியலாளரும் கண்டுபிடிப்பாளரும் ஆவார். ரம்ஃபோர்டு பிரபு என்ற பட்டப்பெயராலேயே இவர் பெரிதும் அறியப்படுகிறார். வெப்பம் ஒரு பொருளன்று, அது ஒருவகை இயக்கமே என்பதற்குச் சோதனைச் சான்று அளித்தவர். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க எரிக்கும் எரிபொருளின் வெப்பம் புகைபோக்கி வழியே வீணாவதை ஆராய்ந்து, குறைந்த செலவில் அறையைச் சூடாக்கும் கணப்படுப்பை வடிவமைத்ததும் இவரே.

இளமை

தாம்சன் மாசச்சூசெட்சு மாநிலத்தின் வோபர்ன் என்னும் ஊரில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்தார். 13 வயதில், அதே மாநிலத்தின் சேலம் நகரில் ஒரு வணிகரிடம் வேலை பழகச் சேர்ந்தார். 1772 இல் நியூ ஹாம்ப்சயரின் கான்கார்டு நகரைச் சேர்ந்த செல்வந்தரான கைம்பெண் சாரா ரோல்ஃபை மணந்தார். இவர்களுக்கு ஒரு மகள் பிறந்தார்.

அமெரிக்க விடுதலைப் போரில் இவர் ஆங்கிலேயர் பக்கம் நின்று அவர்களுக்கு உளவு கூறினார். 1776 இல் ஆங்கிலப் படை பாஸ்டனை விட்டு வெளியேறியபோது, மனைவியையும் மகளையும் விட்டுவிட்டு இங்கிலாந்து சென்றார். அதன்பின் மனைவியைச் சந்திக்கவே இல்லை. 1779 இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினரானார்.

பவேரியாவில் பணி

1784 இல் சர் பட்டம் பெற்ற தாம்சன், பின்னர் பவேரியாவின் ஆட்சியாளர் கார்ல் தியோடரிடம் பணியில் அமர்ந்தார். படைவீரர்களுக்கு மலிவான, கதகதப்பான உடை தேவைப்பட்டதால் துணிகளின் வெப்பங்கடத்தும் தன்மையை ஆராய்ந்தார். கம்பளி, மென்மயிர், இறகு ஆகியவற்றின் இடையே சிக்கி நிற்கும் காற்றே குளிரைத் தடுக்கிறது என்று கண்டறிந்தார். 1792 இல் இவருக்குக் காப்ளி பதக்கம் வழங்கப்பட்டது.

1790 சனவரி 1 அன்று மியூனிக் நகரத் தெருக்களில் இருந்த இரவலர்களை ஒரே நாளில் திரட்டித் தொழில் இல்லத்தில் சேர்க்க ஏற்பாடு செய்தார். அங்கு அவர்கள் படைவீரர்களுக்கான உடைகளைத் தயாரித்தனர். அவர்களுக்குக் குறைந்த செலவில் உணவளிக்க, பார்லி, பட்டாணி, உருளைக்கிழங்கு சேர்ந்த ஒரு கஞ்சியையும், தீயை நாற்புறமும் அடைத்து விறகை மிச்சப்படுத்தும் அடுப்புகளையும் உருவாக்கினார். அந்நகரின் ஆங்கிலப் பூங்காவும் இவரது திட்டமே. 1792 இல் பிரபு பட்டம் பெற்றபோது, கான்கார்டின் பழைய பெயரான ரம்ஃபோர்டு என்பதைத் தம் பட்டத்திற்குச் சூட்டிக்கொண்டார்.

கணப்படுப்புச் சீர்திருத்தம்

1795 இல் இவர் இலண்டன் திரும்பினார். அக்காலத்து வீடுகளில் கணப்படுப்புகள் ஆழமாகவும் அகன்றும் இருந்தன. அவற்றின் புகைபோக்கிக் கழுத்து மிகப் பெரியது. இதனால் புகையுடன் அறையின் சூடான காற்றும் மேலே இழுக்கப்பட்டது. அதை ஈடுசெய்யக் கதவிடுக்குகள் வழியே குளிர்காற்று உள்ளே நுழைந்தது. எரிபொருள் மிகுதியாகச் செலவாகியும் அறை குளிர்ந்தே இருந்தது.

திறந்த தீ அறையைச் சூடாக்குவது பெரும்பாலும் கதிர்வீச்சினாலேயே என்று ரம்ஃபோர்டு உணர்ந்தார். 1796 இல் வெளியிட்ட கட்டுரையில் பின்வரும் மாற்றங்களைக் கூறினார்:

அடுப்பின் ஆழத்தைக் குறைத்து, தீயை அறையை நோக்கி முன்னே கொண்டுவருதல்.
பின்சுவரின் அகலத்தை முன்வாயின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்காக்கி, பக்கச் சுவர்களைச் சரிவாக விரித்து, வெப்பம் அறைக்குள் திரும்பச் செய்தல்.
இரும்புக்குப் பதிலாகச் செங்கல்லோ கல்லோ பயன்படுத்தி வெள்ளையடித்தல்.
புகைபோக்கிக் கழுத்தை ஏறத்தாழ 4 அங்குலமாகக் குறுக்கி, அதன் முன்விளிம்பை வளைவாக அமைத்தல்.

புகைபோக்கியைத் துப்புரவு செய்வதற்காகக் குறுகிய கழுத்தில் கழற்றி மாட்டக்கூடிய கல் ஒன்றை வைக்கவும் வழி கூறினார். புதிய அடுப்பு கட்டத் தேவையில்லை. இருக்கும் அடுப்பையே ஒரு கொத்தனார் சில செங்கற்களைக் கொண்டு மாற்றிவிடலாம். எரிபொருள் பாதியளவு மிச்சமாகும் என்று ரம்ஃபோர்டு கூறினார். யாவரும் பயன்பெற வேண்டும் என்பதற்காக இதற்குக் காப்புரிமை பெறவில்லை.

இலண்டனில் நூற்றுக்கணக்கான கணப்படுப்புகள் இம்முறையில் மாற்றப்பட்டன. தாமஸ் ஜெஃபர்சன் தமது மாண்டிசெல்லோ இல்லத்தில் இவற்றை அமைத்தார். சேன் ஆஸ்டினின் புதினம் ஒன்றிலும் இவ்வடுப்பு குறிப்பிடப்படுகிறது. எனினும் திறந்த கணப்படுப்பு எவ்வளவு சீர்செய்யப்பட்டாலும் மூடிய அடுப்பைவிட மிகுதியான வெப்பத்தை இழக்கிறது. ஆங்கிலேயர் தீயைக் கண்ணால் காண விரும்பியதால், அவர்கள் கைவிட விரும்பாத அடுப்பையே ரம்ஃபோர்டு திருத்தியமைத்தார்.

வெப்பம் பற்றிய ஆய்வு

அக்காலத்தில் வெப்பம் 'கலோரிக்' என்னும் பாய்மம் என்று கருதப்பட்டது. மியூனிக்கில் பீரங்கி துளையிடுவதை மேற்பார்வையிட்ட ரம்ஃபோர்டு, உராய்வு நீடிக்கும்வரை வெப்பம் வற்றாமல் வருவதைக் கண்டார். மழுங்கிய துளைக்கருவியைக் கொண்டு நடத்திய சோதனையில், தீயின்றியே சுமார் இரண்டரை மணி நேரத்தில் நீர் கொதித்தது. வற்றாமல் தோன்றுவது ஒரு பொருளாக இருக்க இயலாது என்று 1798 இல் வாதிட்டார். 1840களில் ஜூல் செய்த அளவீடுகள் இக்கருத்திற்கு வலுவூட்டின.

இறுதிக்காலம்

1796 இல் வெப்பம், ஒளி பற்றிய ஆய்வுகளுக்காக ரம்ஃபோர்டு பதக்கங்களை நிறுவ நிதி வழங்கினார். 1799 இல் இலண்டனில் ராயல் இன்ஸ்டிட்யூசன் நிறுவப்பட முதன்மைக் காரணமாக இருந்தார். 1801 இல் ஹம்ஃப்ரி டேவி அங்குப் பணியில் சேர்க்கப்பட்டார். 1805 இல் வேதியியலாளர் இலவாசியேயின் மனைவியாக இருந்த மரீ-ஆனை மணந்தார். 1809 இல் இருவரும் பிரிந்தனர். பாரிசு அருகே ஓத்தேயில் காலமான இவர், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியர் பதவிக்காகச் சொத்து எழுதிவைத்தார்.

சிக்கி நிற்கும் காற்று வெப்பத்தைக் காக்கும் என இவர் கண்ட உண்மையே இரட்டைக் கண்ணாடிச் சன்னல்களுக்கும் சுவர்களில் இடப்படும் வெப்பக்காப்புப் பஞ்சுக்கும் அடிப்படையாக உள்ளது.