நாவலூர் நம்பியின் பிறந்த மனை

திருமுனைப்பாடி நாட்டுத் திருநாவலூர், 2019-ஆம் ஆண்டில் புதிதாக வகுக்கப்பெற்ற கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உளுந்தூர்ப்பேட்டை வட்டத்தைச் சார்ந்தது. ஸ்ரீ சுந்தரமூர்த்தி சுவாமிகள் அவதரித்த மனையென்று ஊரார் போற்றும் இடத்தில் அவர்க்கு மடாலயம் ஒன்று உளது. எட்டாம் நூற்றாண்டின் சுவரையும் கூரையையும் அங்கே எவரும் எதிர்பார்த்தல் தகாது. மனையின் நினைவே காக்கப்பட்டு வருகின்றது. நம் ஆதிசைவ குடும்பத்தார் தம் சிறுவரை அழைத்துச் சென்று காட்டவேண்டிய இடமாதலின், அம்மனைக்குரியாரது சரிதத்தை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

சடையனார்க்கும் இசைஞானியார்க்கும் புதல்வராய்த் தோன்றிய இவர்க்குப் பாட்டனார் பெயராகிய ஆரூரர் என்பதே இடப்பட்டது. வீதியிற் சிறுதேர் உருட்டி விளையாடிய குழந்தையை நாட்டரசர் நரசிங்க முனையரையர் கண்டு, பெற்றோரிடம் வேண்டிப் பெற்று, அரண்மனையில் வளர்த்தார். அரச போகத்திடையே வளர்ந்தும் குலவொழுக்கம் வழுவவில்லை என்பர் சேக்கிழார். பெற்றோர் இருவரும் வளர்த்தவரும் நாயன்மார் வரிசையில் எண்ணப்படுகின்றனர். ஒரு பிள்ளையின் பொருட்டு ஓர் ஊர்க்கு இத்துணைப் பேறு!

மணப்பருவத்தில் புத்தூர்ச் சடங்கவி சிவாசாரியாரின் மகளைப் பேசி முடித்தனர். மணப்பந்தரில் முதிய வேதியர் ஒருவர் தோன்றி, மணமகன் தமக்கு வழிவழி அடிமை என்று வழக்கிட்டார். ஆரூரர் அவரைப் பித்தர் என இகழ்ந்து, அவர் கையிலிருந்த ஓலையைப் பறித்துக் கிழித்தார். கிழிந்தது படியோலையே. வெண்ணெய்நல்லூர் அவையில் மூலவோலை வெளிவந்தது. பாட்டனார் கையெழுத்துள்ள வேறோர் ஓலையை வருவித்து ஒப்புநோக்கிய அவையோர், வழக்கு மெய்யெனத் தீர்த்தனர். இளைஞர் பக்கமே அவர்கள் மனம் சாய்ந்திருந்தும் சாட்சியத்துக்குக் கட்டுப்பட்டது பெரிது. முதியவரின் வீடு எங்கே என வினவியபோது, அவர் அருட்டுறைக் கோயிலினுட் புகுந்து மறைந்தார்.

நம்பி தடுத்தாட்கொள்ளப்பட்ட மகிழ்ச்சியில் நாம் புத்தூர்ப் பெண்ணை மறந்துவிடுகின்றோம். மணக்கோலத்தோடு நின்றுபோன அவள் வேறொருவரை மணக்கவில்லை. அவரையே நினைந்திருந்து சிவபதம் எய்தினாள். அவள் பெயரையும் புராணம் கூறவில்லை.

பின்னர் நம்பி மணந்தது திருவாரூரில் உருத்திர கணிகையர் குலத்துப் பரவையாரையும், திருவொற்றியூரில் வேளாளர் குலத்துச் சங்கிலியாரையும். குலத்துள் நிச்சயித்த மணத்தை இறைவனே தடுத்தான். குலத்துக்குப் புறம்பான இரண்டையும் அவனே கூட்டுவித்தான். குலப்பெருமை பேசும் நம்மவர் இதனைச் சற்றே சிந்திப்பாராக. சங்கிலியார்க்களித்த உறுதிமொழி தவறியதால் கண்ணிழந்து, காஞ்சியில் ஒன்றும் ஆரூரில் மற்றொன்றும் பெற்றார். சேரமான் பெருமாளின் நண்பராய், ஓர் ஆடிச் சுவாதியில் திருவஞ்சைக்களத்திலிருந்து கயிலை சேர்ந்தபோது வயது பதினெட்டே என்பது மரபு.

அவர் அருளியவற்றுள் 100 பதிகங்கள் ஏழாந் திருமுறையாய் உள்ளன. அவற்றுள் திருத்தொண்டத் தொகையே பெரியபுராணத்துக்கு வித்து. நாவலூர்க் கோயிலைப் பின்னாளிற் கற்றளியாக்கியவன், 949-இல் தக்கோலப் போரில் மடிந்த சோழ இளவரசன் இராசாதித்தன். இவ்வூர்ப் பதிகத்தில் நம்பி வெண்ணெய்நல்லூர் வழக்கையும், தம்மை வளர்த்த முனையரையரையும் மறவாது குறித்து, இதனை இறைவனுக்கும் தமக்கும் ஒருங்கே உரிய ஊராகப் பாடுகின்றார்.