பார்ப்பவரைத் தேடிய துறவி

காணைப் பகுதி மக்களாகிய நமக்கு மாம்பழப்பட்டு ரயில் நிலையம் புதிதல்ல. 1896-ஆம் ஆண்டு மதுரையிலிருந்து வந்த வேங்கடராமன் என்ற சிறுவனுக்கு, கையிலிருந்த காசில் விழுப்புரத்திலிருந்து அந்த நிலையம் வரைதான் பயணச்சீட்டு கிடைத்தது. அங்கிருந்து நடந்தான். அவரே பின்னாளில் திருவண்ணாமலை ரமண மகரிஷி. அவரைக் காண வந்த ஒரு கத்தோலிக்கத் துறவியின் வாழ்வை இன்று சிந்திப்போம்.

ஆன்ரி லெ சோ 1910-இல் பிரான்சின் பிரிட்டனி பகுதியில் பிறந்தவர். புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவி. 1948-இல் தமிழகம் வந்தார். அடுத்த ஜனவரியில், குளித்தலைப் பங்குத்தந்தை மோன்ஷானேன் அடிகளுடன் ரமணாசிரமம் சென்றார். பெரிதாக ஏதோ நிகழும் என்று கண்கொட்டாமல் பார்த்தார். ஒன்றும் நிகழவில்லை. ஒரு சாதாரண முதியவர் அமர்ந்திருந்தார், அவ்வளவுதான். ஆசிரமத்தில் இருந்த ஒரு பெண்மணி, அவர் அதிக மூட்டைமுடிச்சுகளோடு வந்திருப்பதாகச் சொன்னார். காய்ச்சலும் வந்தது. எதையும் பிடிக்க முயலாமல் சோர்ந்திருந்த அந்த நேரத்தில்தான் வேதம் ஓதும் ஒலியும் முதியவரின் அமைதியும் அவருக்குள் இறங்கின.

நம் கவனம் எப்போதும் வெளியே ஒரு பொருளைப் பற்றிக்கொள்ளும்: மணியோசை, குழந்தையின் அழுகை, நாளைய கடன். திருப்பலியில் நிற்கும்போதும் அப்படித்தான், மறைப்பானேன்! ரமணரோ, கவனிக்கும் அந்த 'நான்' யார் என்று கவனத்தையே உள்ளே திருப்பச் சொன்னார். லெ சோ அருணாசல மலைக் குகைகளில் தங்கி அதைப் பழகினார். 1955 டிசம்பரில் திருக்கோவிலூரில் ஞானானந்தரைச் சந்தித்தார். அவ்வளவாக விருப்பமில்லாமல் சென்றவர், தம்மையறியாமல் அவர் காலில் விழுந்தார்.

இது எளிதான பாதை அல்ல. 1950-இல் தண்ணீர்ப்பள்ளியில் மோன்ஷானேன் அடிகளோடு சாந்திவனத்தைத் தொடங்கி அபிஷிக்தானந்தர் என்ற பெயர் ஏற்றவர், தினமும் கிறிஸ்துவிடம் மன்றாடுகிறவர். 'நான்', 'நீ' இரண்டும் மறையும் மௌனத்தில் அந்த மன்றாட்டு என்னவாகும்? தாம் வழிதவறிவிட்டோமோ என்று பல ஆண்டுகள் கலங்கினார். மோன்ஷானேன் அடிகளும் அவருடைய போக்கைக் குறித்துக் கவலைப்பட்டார். அவர் திருச்சபையையும் விடவில்லை, குகையையும் விடவில்லை. எந்த விளக்கமும் அவரைத் திருப்திப்படுத்தவில்லை. அந்த நேர்மைக்காகவே அவரை நாம் மதிக்கிறோம்.

1968-இல் வடக்கே உத்தரகாசிக்குச் சென்றார். 1973 ஜூலை 14 அன்று ரிஷிகேசில் பேருந்தைப் பிடிக்க ஓடியபோது மாரடைப்பில் தெருவோரம் விழுந்தார். வாழ்வா சாவா என்று கிடந்த அந்த நேரத்தை விபத்தாக அல்ல, விழிப்பாகவே பின்னர் எழுதினார். ஐந்து மாதங்களுக்குப்பின், டிசம்பர் 7 அன்று, இந்தூரில் இறைவனடி சேர்ந்தார்.