தமிழகத்துக் கடலை இலண்டனில் கண்டவர்: எட்வேர்ட் போர்ப்ஸ்

தேம்ஸ் நதிக்கரையிலுள்ள சமர்செற் மாளிகையை நம் மாணவர்களிற் பலர் பார்த்திருப்பர். 1840களில் இலண்டன் புவியியற் கழகம் அங்கேதான் இயங்கியது. அக்காலத்தில் தமிழகத்துக் கற்கள் சில அங்கு வந்து சேர்ந்தன. சென்னை அரசுப் பணியிலிருந்த கேய், கன்லிஃப் என்னும் ஆங்கிலேயர் இருவர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் அவற்றைத் திரட்டியிருந்தனர். அப்பகுதிகளில் மழைநீர் அறுத்த ஓடைகளிலே சங்கும் சிப்பியும் கல்லாகிக் கிடக்கும். கடல் கண்ணுக்கெட்டாத ஊர்களில் கடலுயிர்கள் எவ்வாறு வந்தன? அவை எக்காலத்தவை? இதற்கு விடை காணும் பொறுப்பு எட்வேர்ட் போர்ப்ஸ் என்னும் இளைஞரிடம் வந்தது.

போர்ப்ஸ் 1815 ஆம் ஆண்டு மான் தீவிலே பிறந்தார். ஓவியம் பயில இலண்டன் வந்தார், அது கைகூடவில்லை. எடின்பரோவில் மருத்துவம் படிக்கத் தொடங்கி, அதனையும் இடையில் விட்டார். இன்றைய பெற்றோராயின் என்ன பாடுபட்டிருப்பர்! ஆனால் அவர் மனம் முழுவதும் கடலிலேயே இருந்தது. படகிலிருந்து வலைப்பொறியை இறக்கிக் கடலடியை வாரி, எந்த ஆழத்தில் எந்தச் சிப்பி வாழ்கின்றது என்று குறித்துக்கொள்வார். 1841 இல் பீக்கன் என்னும் கப்பலில் ஈஜியன் கடலுக்குச் சென்று அதே பணியைச் செய்தார். அவ்வேளையில் தந்தையாரின் செல்வம் அழிந்தது. ஊதியம் தேடித் திரும்பியவர், கிங்ஸ் கல்லூரியில் தாவரவியற் பேராசிரியராகவும், புவியியற் கழகக் காட்சியகத்தின் காப்பாளராகவும் இரட்டைச் சுமை சுமந்தார்.

தமிழகத்துக் கற்களில் சுருண்ட ஓடுடைய அமோனைட்டுகள் பல இருந்தன. இவை நாம் உண்ணும் கணவாயின் உறவினம், ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் அடியோடு மறைந்தவை. நம் வீடுகளில் வழிபடும் சாளக்கிராமமும் பெரும்பாலும் அமோனைட்டே. போர்ப்ஸ் ஒவ்வொரு கல்லையும் ஐரோப்பிய உயிர்ச்சுவடுகளோடு ஒப்பிட்டார். அவை கிரேத்தேசியக் காலத்தவை என்று துணிந்தார். விம்பிள்டனுக்குத் தெற்கே பாக்ஸ் ஹில்லில் நம் காலணியில் ஒட்டும் வெண்சுண்ணமும் அக்காலத்துக் கடலடிச் சேறுதான்! தமிழகம் காணாத அவர், புதிய அமோனைட் இனங்களுக்கு இந்திரன், வருணன், சூரியன், கணேசன், பிரமன், விஷ்ணு என்று பெயரிட்டார். திரட்டியவர்களையும் மறக்கவில்லை, ஓர் இனத்துக்குக் கேயின் பெயரை வைத்தார். அவரது அறிக்கை 1846 இல் வெளியாயிற்று.

அவர் கூறியன யாவும் சரியல்ல. புதுச்சேரிக் கற்களை அக்காலத்தின் தொடக்கத்தில் வைத்தார். அவை அதன் கடைப்பகுதியைச் சேர்ந்தவை என்று பின்வந்தோர் நிறுவினர். இதனினும் பெரிய பிழை ஒன்றுண்டு. ஈஜியன் கடலில் ஆழம் செல்லச் செல்ல உயிர்கள் குறைவதைக் கண்டவர், ஏறத்தாழ 550 மீற்றருக்குக் கீழே உயிரே இராது என்று கருதினார். 1869 இல் நான்கு கிலோமீற்றருக்கும் அதிகமான ஆழத்திலிருந்து உயிர்கள் வெளியே வந்தன. ஆயினும், பிறர் ஆழ்கடலைத் தேடிச் சென்றதற்கு அவர் கருத்தும் ஒரு தூண்டுதலாயிற்று என்பதே என் எண்ணம்.

அவற்றைக் காண அவர் இருக்கவில்லை. நெடுநாள் விரும்பிய எடின்பரோப் பேராசிரியர் பதவி 1854 இல் கிடைத்தது. அவ்வாண்டு நவம்பர் 18 ஆம் நாள், 39 ஆவது வயதில், நோயுற்று மறைந்தார்.

தமிழகத்துக் கற்களின் ஆய்வைப் பின்னர் கல்கத்தாவில் ஸ்தொலிச்கா என்பவர் விரித்து எழுதினார். போர்ப்ஸ் இந்திரன் பெயரிட்ட அமோனைட், பிற்காலத்தில் தென்னாபிரிக்காவிலும் கனடாவின் வன்கூவர் தீவுப் பகுதியிலும் கிடைத்தது. அங்கும் அதற்கு இந்திரன் என்றே பெயர்.