சீதக்காதியின் புரவாண்மையும் சீறாப்புராணமும்

முன்னுரை

சேது நாட்டுக் கடற்கரையில் அமைந்த கீழக்கரை, முத்துக்குளிப்பாலும் கடல் வாணிகத்தாலும் பெயர்பெற்ற பட்டினம். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வூரில் வாழ்ந்த வள்ளல் சீதக்காதி, தமிழ்ப் புரவலர் வரிசையில் தனியிடம் பெற்றவர். இறந்த பின்னும் கொடுத்தவர் எனப் பழமொழி அவரைப் போற்றுகிறது. அவர் தூண்டுதலால் தொடங்கப்பெற்ற காப்பியமோ அவர் பெயரைச் சுட்டவில்லை. இம்முரணின் வழியே அவரது வாழ்வை நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வணிகரும் சேதுபதியும்

செய்கு அப்துல் காதிறு என்னும் இயற்பெயரே மக்கள் வழக்கில் சீதக்காதி எனத் திரிந்தது. மரக்கல வாணிகத்தில் சிறந்த மரைக்காயர் குடியினரான இவர், பெரியதம்பி மரைக்காயர் எனவும் வழங்கப்பெற்றார். அரிசி, மிளகு, துணி ஆகியவை அக்கடற்கரையின் முதன்மை வாணிகப் பொருள்கள். 1710 வரை ஆட்சிபுரிந்த கிழவன் சேதுபதி இவரிடம் நெருங்கிய நட்புப் பூண்டு, விசயரகுநாதப் பெரியதம்பி என்னும் சிறப்புப் பெயரும் வழங்கினார். இராமேசுவரக் கோயிலின் காவலரான மன்னருக்கு ஓர் இசுலாமிய வணிகர் உற்ற துணைவராக விளங்கியமை, சேது நாட்டு அரசியலின் இயல்பைக் காட்டுகிறது. ஒல்லாந்தக் கம்பெனி இக்கடல் வாணிகத்தைத் தன்வயமாக்க முயன்ற அக்காலத்தில், சேதுபதியின் ஆதரவு பெற்ற மரைக்காயர்கள் அதற்குப் பெருந்தடையாயினர். பெரியதம்பி என்பது குடிவழியில் தொடர்ந்து வந்த பெயராதலின், கம்பெனி ஆவணங்களில் அப்பெயர் வருமிடம் யாவும் சீதக்காதியையே குறிக்கும் எனக் கொள்ளுதல் பொருந்தாது.

புலவர் போற்றல்

சீதக்காதியின் கொடை சமய எல்லைக்குள் அடங்கவில்லை. தொண்டைமண்டல சதகம் பாடிய படிக்காசுப் புலவர், நமச்சிவாயப் புலவர் முதலியோர் அவரை அண்டி வாழ்ந்தனர். நெல்லின் விலை மிகவுயர்ந்த பஞ்ச காலத்திலும் அவர் உணவளித்ததைப் படிக்காசுப் புலவரின் தனிப்பாடல் போற்றுகிறது.

எட்டயபுரம் அவைப்புலவராக விளங்கிய உமறுப்புலவரிடம் நபிகள் நாயகத்தின் வரலாற்றைத் தமிழ்க் காப்பியமாகப் பாட வேண்டியவர் சீதக்காதியே என்பது மரபு. அதற்கு வேண்டிய செய்திகள் அரபு நூல்களில் இருந்தன. அரபுப் புலமையில் தலைசிறந்த சதக்கத்துல்லா அப்பாவை உமறு நாடிச் சென்றதாக வரலாறு கூறும். ஆகவே இப்புரவாண்மை பொன் வழங்குதலோடு நின்றதன்று. மார்க்க அறிஞரையும் தமிழ்ப் புலவரையும் ஒரு பணியில் இணைத்ததும் அதன் பகுதியாகும்.

காப்பியத்தின் மௌனம்

நூல் நிறைவுறுமுன் சீதக்காதி மறைந்தார். பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் பொறுப்பேற்று, உமறுவை ஆதரித்து நூலை அரங்கேறச் செய்தார். 5,000க்கும் மேற்பட்ட பாடல்களையும் மூன்று காண்டங்களையும் கொண்ட சீறாப்புராணத்துள் அபுல் காசிம் பல இடங்களில் போற்றப்படுகிறார், சீதக்காதி போற்றப்படவில்லை. கம்பர் சடையப்பரைப் போற்றிய முறையைப் பின்பற்றி, நூலை முடிக்கத் துணைநின்றவரை உமறு பாடினார் எனக் கொள்வதே தகும். இதனை நன்றி மறத்தலாகக் கருதுதற்கு இடமில்லை. சீதக்காதி திருமண வாழ்த்து உமறுவின் பெயராலேயே வழங்குகிறது.

சீதக்காதியின் புகழைப் பிற வடிவங்கள் காத்தன. குதிரை திருடப் புகுந்து உறுப்பிழந்த கள்வன் அவரிடம் அடைக்கலம் பெற்று, மக்காவில் நலம் பெறுவதைக் கூறும் சீதக்காதி நொண்டி நாடகம் அவற்றுள் ஒன்று. அவர் மறைந்த பின் வந்து புலம்பிய புலவருக்குக் கல்லறையிலிருந்து மோதிரமணிந்த கை நீண்டதென்னும் கதை மற்றொன்று. அக்கதையை வரலாறாகக் கொள்ள இயலாது. புரவலரை இழந்த புலவர் உலகின் துயரை அது உணர்த்துகிறது.

முடிவுரை

1842இல் செய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் சீறாப்புராணத்தை அச்சேற்றினார். தொடங்கிவைத்தவர், செய்தி நல்கியவர், பாடியவர், முடிக்கத் துணைநின்றவர், அச்சிட்டவர் என ஒரு தொடர் அறாது நின்றமையால்தான் அந்நூல் நமக்குக் கிடைத்தது. ஒருவர் கொடை அவர் வாழ்நாளோடு முடியாதிருக்க, அதனை ஏற்றுத் தொடர்பவர் வேண்டும். கீழக்கரை வள்ளல் இறந்தும் கொடுத்தார் என்னும் பழமொழியின் மெய்ப்பொருள் இதுவேயாகும்.